மூடியில் ஒன்று, டப்பாவில் ஒன்று

எங்கள் அண்ணி வாழ்நாளில் ஒரு பொருளைக்கூடத் தொலைத்ததில்லை. அதனால்தான் தொலைந்த பொருள்களின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது என்பார் அண்ணன். அந்த வேலை கிடைத்த பிறகுதான் தான் அப்படி ஆனதாக அண்ணியின் கட்சி. எங்கள் வீட்டில் இந்த வழக்கு முப்பது வருஷமாகத் தீர்ப்பில்லாமல் நடக்கிறது.

அலுவலகம் ரயில் நிலையத்தில், ஐந்தாம் நடைமேடையின் கடைக்கோடியில், தண்ணீர்க் குழாய்க்கும் பார்சல் அறைக்கும் நடுவே இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு நீள மேஜை, கூரை வரை இரும்பு அலமாரிகள். அலமாரிகளில் உலகம் விட்டுப்போன மிச்சம்: குடைகள், கண்ணாடிகள், பல்செட்டுகள், ஒற்றைச் செருப்புகள், யாருடைய கல்யாணப் புகைப்படமோ, ஒரு முறை புத்தம்புதிய மரக்கதவு ஒன்று. கதவை மறந்துவிட்டு ஒருவர் எப்படி இறங்கிப் போயிருப்பார், வீட்டுக்குப் போய் எதைத் திறந்திருப்பார் என்று அண்ணி பல நாள் கவலைப்பட்டிருக்கிறார்.

வந்த பொருள் எதுவானாலும் அட்டைச் சீட்டு ஒன்று நூலில் கோத்துக் கட்டப்படும். சீட்டில் எண். அதே எண் பெரிய பதிவேட்டில் ஒரு வரியாகும்: நாள், பொருள், கிடைத்த இடம், உரிமையாளர், குறிப்பு. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, ‘ஒப்படைக்கும்போது பொருளின் நிலை’. கூலிக்காரர்கள் அண்ணியை ‘சீட்டக்கா’ என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

வீட்டிலும் அதே ஆட்சிதான். நான் மாடியில் குடியிருந்தேன். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணம் செய்துகொள்ள மறந்திருந்தேன். என் குடையின் கைப்பிடியில் ‘கொழுந்தன், மாடி’ என்று ஒரு சீட்டு தொங்கும். கல்லூரிக்கு எடுத்துப் போகக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்தக் கல்லூரியில் குடை திருட்டுப் போகாத ஒரே ஆசிரியன் நான்தான். கீழ்த்தளத்தில் அண்ணன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஒரே வீட்டில் இருந்ததால் நானும் அண்ணனும் பேசிக்கொள்ள அவசியம் நேரவில்லை. பகை ஒன்றும் கிடையாது. தண்ணீர் மோட்டார் போட்டாயா, நிறுத்தினாயா என்ற அளவில் பதினைந்து வருஷம் சுமுகமாகக் கழிந்தது.

அண்ணிக்கு நாற்பத்தொன்பது வயதில் ரத்தப்போக்கு நிற்காமல் தொல்லை கொடுத்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டிகள் தெரிந்தன. சாதாரணக் கட்டிகள்தான், பல பெண்களுக்கு இருப்பவை என்றார் டாக்டர் அம்மா. முன்னெச்சரிக்கையாக உள்ளிருந்து ஒரு துளி சதை எடுத்துச் சோதித்தும் பார்த்தார். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், சினைப்பைகள் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கையெழுத்துப் போடும் முன் அண்ணி ஒரு சந்தேகம் கேட்டார். நானும் அண்ணனும் பக்கத்தில்தான் இருந்தோம்.

“எடுத்ததை என்ன செய்வீங்க டாக்டர்?”

“லேபுக்கு அனுப்புவோம்மா. எல்லாருக்கும் அனுப்புறதுதான்.”

“எதுல வெச்சு?”

“மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால.”

“சீட்டு ஒட்டுவீங்களா?”

“ஒட்டாமலா? பேர், வயசு, எண் எல்லாம் இருக்கும்.”

“எங்க ஒட்டுவீங்க?”

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “டப்பால.”

“மூடிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க. ஒரே மாதிரி டப்பா பத்து இருந்தா திறக்கிறவங்க மூடியை மாத்திப் போட்டுடுவாங்க. சாப்பாட்டு டப்பா விஷயத்துல நான் தினமும் பாக்கிறேன்.”

“ஏம்மா, அவங்க என்ன சாப்பாட்டு டப்பாவா அனுப்பப் போறாங்க?” என்றார் அண்ணன்.

“மூடிக்கு அது தெரியுமாங்க?” என்றார் அண்ணி.

டாக்டர் அம்மா சிரித்துவிட்டு, “சரி, ரெண்டு சீட்டு” என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மருத்துவமனைப் படிவத்தில் தொலைபேசி எண் கேட்டார்கள். அண்ணி அலுவலக எண்ணைக் கொடுத்தார். பகலில் வீட்டில் யாரும் இல்லை. அலுவலகத் தொலைபேசியோ இரண்டாவது மணிக்கு மேல் ஒலித்ததே கிடையாது. கைப்பேசி அண்ணியிடம் இல்லை. ஊரெல்லாம் வைத்திருந்த காலம்தான். ஆனால் வாரத்துக்கு நாலு கைப்பேசி சீட்டுக் கட்டிக்கொண்டு அலமாரி ஏறுவதைப் பார்ப்பவர், தொலைவதற்கென்றே செய்த ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குவாரா? எங்கள் இருவருடைய எண்ணையும் அதே காரணத்தால் அவர் ஒரு முகவரியாக மதிக்கவில்லை.

அறுவை நன்றாக நடந்தது. அண்ணன்தான் விழுந்தார். ஆயிரம் பையன்களின் முழங்கால் ரத்தத்தைத் துடைத்தவர், குளுக்கோஸ் ஊசியைக் கண்டதும் நின்றபடியே சாய்ந்தார். பக்கத்து நாற்காலியில் சாய்த்துப் பிடித்தேன். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகள் நான்கு நாள் வந்திருந்து, அப்பாவையும் அம்மாவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, தேர்வுக்குத் திரும்பினாள். ஆறு வாரம் ஓய்வு, ஆறாம் வாரம் வந்து காட்டினால் போதும் என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள். வீட்டைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. கர்ப்பப்பையைப் பற்றி அண்ணி ஒரே ஒரு முறைதான் பேசினார். “ஒரு பொண்ணைக் குடுத்துச்சு. அப்புறம் இருபது வருஷம் சும்மா வாடகை இல்லாம இருந்துச்சு. போகட்டும்.”

ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரத்தில் மருந்துப் பெட்டி, செருப்பு அலமாரி, என் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் எண் விழுந்தது. இருபத்தாறாம் நாள் காலையில் மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தார்.

“தம்பி, காலேஜ் இல்லையே இன்னிக்கு? ஆபீஸை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமா? சும்மாதான். உள்ளகூடப் போக மாட்டேன்.”

ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். மேம்பாலத்தில் ஏறக் கூடாது என்பதால் தண்டவாளத்தைக் கடக்கும் பாதை வழியாகச் சுற்றிப் போனோம். வழியெல்லாம் கூலிக்காரர்கள் நலம் விசாரித்தார்கள். உள்ளே போக மாட்டேன் என்றவர் போனார், நாற்காலியில் உட்கார்ந்தார், பதிவேட்டை இழுத்தார். எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது.

அலுவலகத்தில் அவருக்கு உதவியாளர் ஒருவர். நாற்பது வயது, காதில் எப்போதும் பேனா செருகியிருப்பதால் பெயர் காதுப்பேனா. அண்ணி சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்யும் மனிதர். அண்ணி சொன்னவை நிறைய. போனில் யார் எது சொன்னாலும் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும், தலையில் வைப்பது தொலையும் என்பது ஒன்று. அலுவலகத்துக்கு வருபவர் எல்லாருமே அவசரம் என்றுதான் சொல்வார்கள், நாம் வரிசைப்படிதான் போக வேண்டும் என்பார். லீவில் இருப்பவர் வீட்டுக்கு ஆபீஸ் விஷயம் எதுவும் போகக் கூடாது என்பதில் மட்டும் மிகக் கண்டிப்பு. மகள் பிறந்த மறுநாள், அன்றைய மேலதிகாரி பிரசவ வார்டுக்கே ஆள் அனுப்பி அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டதிலிருந்து வந்த கண்டிப்பு அது.

அண்ணியின் விரல் பதிவேட்டில் வரி வரியாக இறங்கியது. “குடை, குடை, டிபன் கேரியர்… இது என்ன, ஹார்மோனியமா? ம்… குடை.” விரல் நின்றது.

நானூற்றுப் பதினேழாம் எண். காதுப்பேனாவின் கையெழுத்து அழகாக இருக்கும். நான் எட்டிப் பார்த்தே படித்தேன்.

பொருள்: ரிப்போர்ட், ஒன்று, மூடிய உறை. கிடைத்த இடம்: மருத்துவமனை, மூன்றாம் மாடி. உரிமையாளர்: நம் அக்கா. குறிப்பு: நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே வேறு மையில்: மீண்டும் அழைப்பு. அதற்கும் கீழே: மீண்டும் அழைப்பு, அவசரம் என்கிறார்கள்.

“இது எப்ப வந்துச்சு?”

“ரெண்டு வாரம் ஆச்சுக்கா. தேதி போட்டிருக்கேன் பாருங்க.” அலமாரிக்குப் போய் அதற்கான சீட்டையும் கொண்டுவந்து காட்டினார். பொருள் இல்லாததால் சீட்டு மட்டும் அங்கே ஆணியில் தொங்கியிருந்தது. “நீங்க வந்ததும் முதல்ல இதைத்தான் சொல்லணும்னு இருந்தேன்.”

“வீட்டுக்கு ஏன் சொல்லல?”

“லீவுல இருக்கீங்களேக்கா.”

“அவசரம்னு எழுதியிருக்கே?”

“எல்லாரும் அப்படித்தானேக்கா சொல்…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் முகத்தில் நிறம் மாறுவதை நான் பார்த்தேன். காதிலிருந்த பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி காதில் வைத்தார்.

அண்ணி பதிவேட்டை மூடவில்லை. திறந்தபடியே வைத்துவிட்டு எழுந்தார். “தம்பி, வாங்க. போய் வாங்கிட்டு வந்துடுவோம். பொருளை அனாதையா விடக் கூடாது.”

தன் பொருளை வந்து வாங்காதவர்களை இருபத்திரண்டு வருஷம் வாய் ஓயாமல் திட்டியவர் அவர். கல்யாணப் புகைப்படத்தை விட்டுப்போன தம்பதியைத் தேடிப் பிடித்து, “போட்டோவே வேணாம்னா எதுக்குச் சிரிச்சீங்க?” என்று கேட்டவர். அவருடைய பெயரிட்ட உறை ஒன்று ஒரு மேஜையில் பதினான்கு நாள் கிடந்திருக்கிறது. ஆட்டோவில் போகும்போது இதைச் சொல்லிச் சிரிக்கலாமா என்று நினைத்தேன். அண்ணியின் கை பிஸ்கட் டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

டாக்டர் அம்மா எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

“மூணு தடவை போன் பண்ணோம்மா.”

“தெரியும். பதிவாயிருக்கு.”

எடுத்த கர்ப்பப்பையை லேபில் நறுக்கிப் பார்த்ததில், கட்டிகள் சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் அவற்றுக்குப் பின்னால், உள்சுவரின் ஒரு மூலையில், யாரும் எதிர்பார்க்காத வேறொன்று இருந்தது. புற்றுநோய். முதலில் சோதனைக்கு எடுத்த துளி சதை அந்த மூலையைத் தொடவே இல்லை. டாக்டர் அம்மா இதைச் சுற்றி வளைக்காமல், மெதுவாக, இரண்டு முறை சொன்னார்.

அண்ணி பிஸ்கட் டப்பாவை மேஜை மேல் வைத்தார். பிறகு நிமிர்ந்தார். அந்த முகத்தில் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. அதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

“டாக்டர், டப்பா மாறியிருக்குமோ?”

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “ரெண்டு சீட்டும்மா. மூடியில ஒண்ணு, டப்பாவுல ஒண்ணு. நீங்கதான் கேட்டு வாங்கினீங்க. லேப்ல அதையும் எழுதியிருக்காங்க. ரெண்டும் ஒத்துப்போகுது.”

“ஓ” என்றார் அண்ணி. “நல்லதுதான். வேற யார் வீட்டுக்கும் தப்பாப் போயிடக் கூடாது.”

இனி தெரிய வேண்டியது ஒன்றுதான் என்றார் டாக்டர் அம்மா. அது கர்ப்பப்பையோடு நின்றதா, வெளியே கிளம்பிவிட்டதா? நின்றிருந்தால் அண்ணிக்கு நீண்ட ஆயுள். கிளம்பியிருந்தால் வேறு பேச்சு. அதைப் பார்க்க இன்னோர் அறுவை வேண்டும். விட்டுவைத்த சினைப்பைகளையும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்.

“இந்த ரெண்டு வாரத்துல ஏதாவது மாறியிருக்குமா?” என்று நான்தான் கேட்டேன்.

“மாறியிருக்காதுன்னு நினைக்கிறேன். நிச்சயமா யாராலயும் சொல்ல முடியாது சார்.”

வெளியே வந்ததும் அண்ணி வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். “மூணு தடவை கூப்பிட்டது நீங்கதானே? பொறுமையான பொண்ணு.”

அண்ணனிடம் சொன்னோம். அவர் பின்கட்டுக்குப் போய்த் தன் கான்வாஸ் ஷூக்களைத் துவைத்தார். அடுத்து என்னுடைய தோல் செருப்பையும் துவைத்துக் கெடுத்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் என்னிடம் தண்ணீர் மோட்டாரைப் பற்றியல்லாத ஒரு கேள்வி கேட்டார். “நீ சரித்திரம் படிச்சவன்தானே, சொல்லுடா. இதுல இருந்து எழுந்து வந்தவங்க இருக்காங்களா?” நிறையப் பேர் என்றேன். சரித்திரத்தில் அதற்கு ஆதாரம் தேடி நான் அலையவில்லை.

மறுநாள் காதுப்பேனா வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் மாற்றல் கேட்டு எழுதிய மனு. கண் சிவந்திருந்தது.

“இந்த ஆபீஸ்ல இனிமே என்னால உக்கார முடியாதுக்கா. நான் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா…”

“நீ விதிப்படிதான் செஞ்ச.”

“விதியைத் தூக்கிக் குப்பையில போட்டிருக்கணும்க்கா.”

“விதியைச் செஞ்சது நான். அப்ப என்னையும் போட்டுடலாமா?” மனுவை வாங்கி மேலோட்டமாகப் படித்தார். “எழுத்து நல்லா இருக்கு. இதையே திருப்பி வெச்சு ஒரு புது அறிவிப்பு எழுதி ஜன்னல் பக்கம் மாட்டு. எழுதிக்கோ. மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பு பொருள் அல்ல.”

அந்த அறிவிப்பு பல வருஷம் அங்கே தொங்கியது. குடை தேடி வந்த பயணிகள் அதைப் படித்துவிட்டு என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இரண்டாம் அறுவை பத்து நாளில் நடந்தது. அண்ணன் இந்த முறை தரையில் உட்கார்ந்தபடியே பார்த்தார். விழுவதற்கு இடம் வைக்கவில்லை. முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். ஆறாம் நாளிலிருந்தே அண்ணி எங்களைத் தினமும் அந்த மருத்துவமனை ஜன்னலுக்கு அனுப்பினார். “கூப்பிடுவாங்கன்னு காத்திருக்காதீங்க. நேர்ல போய் நில்லுங்க. பொருளுக்குச் சொந்தக்காரங்க நாமதானே.” எட்டாம் நாள் நானும் அண்ணனும் சேர்ந்து வாங்கினோம். அண்ணன் உறையைப் பிரிக்கச் சொன்னார். நான் அவரைப் பிரிக்கச் சொன்னேன். கடைசியில் ஜன்னலில் இருந்தவரே பிரித்துக் கொடுத்து, நாங்கள் தலைகீழாகப் பிடித்த தாளை நேராக்கியும் வைத்தார்.

கணுக்கள் சுத்தம். சினைப்பைகள் சுத்தம். அது வெளியே கிளம்பவில்லை. ஆனால் கர்ப்பப்பைச் சுவரில் பாதிக்கு மேல் துளைத்துக்கொண்டு வாசல் வரை வந்திருந்தது. அதனால் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு. அதன்பின் ஐந்து வருஷம் கண்காணிப்பு. ஐந்து வருஷம் திரும்பி வராமலிருந்தால் பெரும்பாலும் வராது.

நோயின் வருஷத்தை நினைத்து ஏங்குவது மரியாதையான காரியம் அல்ல. ஆனாலும் உண்மையைச் சொல்வதானால், எங்கள் மூவருக்கும் அந்த இருபத்தைந்து நாள்களைப் போல ஒரு காலம் வாய்த்ததில்லை. தினமும் காலை ஏழே கால் பேருந்து. ஃபிளாஸ்க்கில் காபி; ஃபிளாஸ்க்கில் ஒரு சீட்டு, அதன் மூடியில் ஒரு சீட்டு. மருத்துவமனையின் நிலவறையில் பச்சைச் சுவர், ஒரு கோணல் மின்விசிறி, ஆறு பேர் உட்காரும் நீள பெஞ்சு. உள்ளே பத்து நிமிஷம், வெளியே இரண்டு மணி நேரம். சிகிச்சைக்கு முன் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். எந்த நிமிஷமும் ஓடத் தயாராக இருக்கும் மனிதர்களுக்கு நடுவே ஏற்படும் நட்பு வேறு எங்கும் ஏற்படுவதில்லை.

அந்த பெஞ்சில்தான் அண்ணனைத் தெரிந்துகொண்டேன். அவருக்கு ஓவியம் வரையத் தெரியும் என்பது என் ஐம்பத்திரண்டாம் வயதில் எனக்குத் தெரியவந்தது. அவருக்கோ, நான் பாடம் நடத்தும்போது பையன்கள் தூங்குவார்கள் என்பது மட்டும் முன்பே தெரிந்திருந்தது.

“உன் ஸ்டூடண்ட் ஒருத்தன் என்கிட்ட கால்பந்து ஆடினவன்டா. சார் கிளாஸ்ல நல்ல ரெஸ்ட் கிடைக்கும் சார், அதனாலதான் சாயங்காலம் ஓட முடியுதுன்னான்.”

“அப்ப உங்க டீம் ஜெயிச்சதுக்கு நான்தான் காரணம்.”

“கோப்பையில உன் பேரையும் போடச் சொல்றேன்.”

“ரெண்டு பேரும் என்னைச் சிரிக்க வைக்காதீங்க” என்று அண்ணி மிரட்டுவார். “ரெண்டு லிட்டர் தண்ணி உள்ள இருக்கு.”

நாலாம் நாளே அங்கே அலுவலகம் திறந்தாகிவிட்டது. சிகிச்சைக்கு உள்ளே போகிறவர்கள் கண்ணாடி, சால்வை, சீப்பு என்று கழற்றி வைத்துவிட்டு மறந்து போவார்கள். நர்ஸ் அம்மாவிடம் ஓர் அட்டைப்பெட்டி வாங்கி, பெஞ்சுக்கு அடியில் வைத்து, அண்ணி சீட்டுக் கட்ட ஆரம்பித்தார். மறுநாள் உரியவர் வந்ததும் ஒப்படைப்பு. கூடவே இலவசமாக ஒரு வசவு. மயிர் உதிர்ந்த தலைகளும் கையில் பைகளுமாக வரிசையில் நின்று திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களை மற்றவர்கள் யாரும் திட்டாத காலம் அது. அதனால்தான் பிடித்திருந்ததோ என்னவோ.

பெட்டியின் அடியில் ஒரு பச்சை மஃப்ளர் தங்கிவிட்டது. கரகரத்த குரலில் ஓயாமல் ஜோக் அடிக்கும் ஒரு பேக்கரிக்காரருடையது, தொண்டையில் சிகிச்சை. ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. விலாசம் நர்ஸிடம் இருக்குமே, கேட்டுப் பார்க்கலாமா என்றேன். கதவை விட்டுப்போனவரையே மூன்று மாதம் தேடியவர் அண்ணி.

“வேணாம் தம்பி” என்றார். “அங்க ஒருத்தர் வரலைன்னா மறந்துட்டார்னு அர்த்தம். இங்க வரலைன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு. நான் தேடிப் போக மாட்டேன்.” மஃப்ளரை மடித்து மறுபடி அடியில் வைத்தார்.

இருபத்தைந்தாம் நாள் அண்ணி உள்ளிருந்து வெளியே வந்தபோது அண்ணன் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். நான் தடுப்பதற்குள் ஊதிவிட்டார். ஆட்டம் முடிந்ததற்கான நீண்ட விசில். நிலவறை முழுக்க எதிரொலித்தது. உள்ளேயிருந்து டெக்னீஷியன் இயந்திரம் வெடித்ததாக நினைத்து ஓடிவந்தார். நர்ஸ் அம்மா கையை ஓங்கினார். பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடினார்கள். அண்ணி நடு வழியில் நின்று, “பாதி ஆட்டம்தாங்க முடிஞ்சிருக்கு. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு” என்றார்.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று காதுப்பேனா பதிவேட்டை நீட்டினார். “நானூற்றுப் பதினேழு திறந்தே இருக்குக்கா. ரிப்போர்ட்டைத்தான் வாங்கிட்டீங்களே. கையெழுத்துப் போட்டா மூடிடலாம்.”

“உறையை வாங்கினேன். உள்ள இருந்த விஷயம் இன்னும் முடியல. இருக்கட்டும்.”

திறந்த வரி ஒவ்வொரு வருஷமும் புதுப் பதிவேட்டுக்கு மாற்றி எழுதப்பட வேண்டும். காதுப்பேனா மாற்றி எழுதினார். ஆண்டுதோறும் வரும் ஆய்வாளர் அதே வரியில் அதே கேள்வி கேட்டார்: உரிமையாளர் யாரென்று தெரிந்தும் ஏன் ஒப்படைக்கவில்லை? காதுப்பேனா அதே பதிலைச் சொன்னார்: “வந்துட்டு இருக்காங்க சார்.” அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குடைக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருப்பார். முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. ஒவ்வொரு முறையும் முந்தின நாள் மூவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

மூன்றாம் வருஷப் பரிசோதனைக்குப் போனபோது தாழ்வாரத்தில் ஒரு கரகரத்த குரல் கேட்டது. பேக்கரிக்காரர். ஒல்லியாகியிருந்தார், ஆனால் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணி அவர் முன்னால் போய் நின்றார்.

“உங்க பச்சை மஃப்ளர் பெட்டியில இருக்கு. மூணு வருஷமா.”

“ஐயையோ, நீங்க எடுத்து வெச்சுட்டீங்களா? வேணும்னுதாம்மா விட்டுட்டுப் போனேன். என் பொண்டாட்டி பின்னினது. பாக்கச் சகிக்காது. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன்.”

“அந்தத் திங்கட்கிழமை ஏன் வரல?”

“ஷிப்ட் மாத்திட்டாங்க. மத்தியானம் வந்துட்டு இருந்தேன்.”

அண்ணிக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. வேண்டுமென்றே தொலைக்கிறவர்கள், உழைத்துப் பின்னியவளை ஏமாற்றுகிறவர்கள், ஷிப்ட் மாறியதைச் சொல்லாமல் போகிறவர்கள் என்று வீடு வரும் வரை பொரிந்து தள்ளினார். பேருந்தில் முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அந்த ஐந்து வருஷத்திலேயே அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை.

ஐந்தாம் வருஷக் கடைசியில் டாக்டர் எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு அடுக்கி வைத்தார். “போதும்மா. இனிமே நீங்க இங்க வர வேண்டாம். மத்தவங்க மாதிரி இருங்க.”

“மத்தவங்க எப்படி இருக்காங்கன்னு இருபத்தேழு வருஷமாப் பாத்துட்டு இருக்கேன் டாக்டர்” என்றார் அண்ணி. வெளியே வந்ததும் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. நிலவறைப் படியை எட்டிப் பார்த்தார். பெஞ்சு மாறியிருந்தது, மின்விசிறி மட்டும் அதே கோணல். அண்ணன் சட்டைப் பையைத் தொட்டார். “ஊதாதீங்க” என்றார் அண்ணி. அண்ணன் ஊதவில்லை. வாசல் வரை வந்து, தெருவில், மிக மெதுவாக ஒரு தடவை ஊதினார்.

அங்கிருந்து நேரே ரயில் நிலையம். காதுப்பேனா எங்கள் மூவரையும் பார்த்ததுமே எதுவும் கேட்காமல் பதிவேட்டை எடுத்துப் பக்கம் புரட்டினார். அவருக்கும் இந்த நாளின் தேதி தெரிந்திருந்தது. காதிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

அண்ணி கையெழுத்துப் போடும் இடத்துக்கு முன் நிறுத்தினார். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. ஒப்படைக்கும்போது பொருளின் நிலை. அதை நிரப்பாமல் எந்த வரியையும் மூடக் கூடாது என்பதும் அவர் விதிதான். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி கிளம்பி, கடைசிப் பெட்டி தாண்டும் வரை யோசித்தார். பிறகு எழுதினார்.

பழையது. சில பாகங்கள் இல்லை. மற்றபடி நல்ல நிலை.

காதுப்பேனா குனிந்து, உதடு அசையப் படித்தார். “அக்கா, இது ரிப்போர்ட்டோட நிலைதானே?”

“கையெழுத்து எங்க போடணும்னு காட்டு” என்றார் அண்ணி.